வ.உ.சி-யின் கப்பல் கம்பெனி: நல்ல கம்பெனி பங்கு என்றால் பணம் பத்திரமா?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1908 மார்ச் 12-ல் அவரோடு சேர்ந்து கைதானவர் வ.உ.சிதம்பரனார். விடுதலைப் போராட்டத்தில் முக்கியமான நாள் அது. ஆனால், பங்கு வாங்கியவர்கள் பக்கம் நின்று பார்த்தால், ஒரு கம்பெனி தன் நிறுவனரை இழந்த நாளும் அதுதான்.

யார் இந்த நிறுவனர்?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. வக்கீல். தூத்துக்குடி - கொழும்பு கடல் வழி பிரிட்டிஷ் கம்பெனியின் கையில் இருந்ததைப் பார்த்து, 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். 1907-ல் காலியா, லாவோ என இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எங்கே இடித்தது?

கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால், எதிரில் நின்றது பெரிய கம்பெனி. அது கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. உடனே அங்கே டிக்கெட்டே இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம்! நிறைய கப்பல் வைத்திருப்பவருக்கு ஒரு வழித்தடத்தில் வரும் நஷ்டம் பெரிசில்லை. இரண்டே கப்பல் வைத்திருப்பவருக்கு அதுதான் பிழைப்பே.

அந்த நேரத்தில்தான் கைது. வ.உ.சி-க்கு இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் 6 ஆண்டாகக் குறைந்தது. அவர் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் உரிமமும் இல்லை. அரிசிக்கடை, மண்ணெண்ணெய்க் கடை என்று பிழைப்பு நடத்த வேண்டியிருந்தது. பிறகு வாலஸ் என்ற நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் மறைந்தார்.

இன்றைய முதலீட்டாளருக்கு என்ன இருக்கிறது?

இந்தக் கதையில் மோசடி இல்லை. நிறுவனர் நேர்மையானவர், சேவை தேவையானது, மக்களும் வந்தார்கள். அப்படியும் கம்பெனி நிற்கவில்லை. பயோடெக், டெக் பங்கு வாங்கும்முன் இதை யோசித்துப் பார்க்கலாம். ஒரே மருந்தை நம்பி நிற்கும் கம்பெனியில் பரிசோதனை தோற்றால் கைவசம் வேறு என்ன இருக்கிறது? பெரிய போட்டியாளர் விலையைக் குறைத்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும்? நிறுவனர் விலகினால் யார் நடத்துவார்? அரசு அனுமதி தள்ளிப்போனால்?

சுதேசிப் பங்கு வாங்கிய பலர் அதை நாட்டுக்குச் செய்த பங்களிப்பாக நினைத்தார்கள். அது வேறு கணக்கு. பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்த பணத்தை ஒரே கம்பெனியில் போடுவது வேறு கணக்கு. கம்பெனி பிடித்திருந்தால் வாங்கலாம், தப்பில்லை. போனாலும் வீடு ஆட்டம் காணாத தொகையாக இருக்கட்டும்.