செவிவழி இறைவனைக் கண்ட ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதர்

நாதமே இறைவனின் திருமேனி என்பது ஆன்றோர் கொள்கை. அந்நாதத்தைப் பாடிப் பரவியோர் பலர். பாடுமுன் பல்லாண்டு அடங்கியிருந்து கேட்டு, கேட்டதனைத்தையும் ஆண்டவன் திருவடிக்கே மலராக்கியோர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதர்.

திருவாரூரில் இராமஸ்வாமி தீக்ஷிதருக்கும் சுப்பம்மாளுக்கும் 1775-ஆம் ஆண்டு அவர் தோன்றினார். நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய பெற்றோர், புள்ளிருக்குவேளூரில் நோன்பிருந்து பெற்ற பிள்ளையாதலின், அத்தலத்து முத்துக்குமாரஸ்வாமியின் திருநாமமே சூட்டப்பெற்றது. தந்தையார் வேங்கடமகியின் மரபில் பயின்ற பெரும் புலவர். தியாகேசர் ஆலயத்தில் இன்ன காலத்திற்கு இன்ன இராகம் என நாகஸ்வர முறையை வகுத்தவர் அவரே என்பர். ஆகவே அக்குழந்தைக்கு இராகம் என்பது ஏட்டுக் கல்வியாக வரவில்லை; வைகறை முதல் அர்த்தசாமம் வரை பூசையோடு பூசையாகச் செவியில் வந்து படிந்தது.

பின்னர்க் குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த நாளில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு நேர்ந்தது. கமகம் அற்ற, நேர்நேராக நடக்கும் அவ்விசையை அந்நியம் என்று அவர் ஒதுக்கினாரல்லர். அம்மெட்டுக்களை உள்ளவாறே உட்கொண்டு, வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். அவையே நோட்டுஸ்வர சாகித்தியங்கள். அவர் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதரோ வயலினையே கற்று நம் இசைக்கு உரியதாக்கினார்.

சிதம்பரநாத யோகி என்னும் மகான் முத்துஸ்வாமியைக் காசிக்கு உடன் அழைத்துச் சென்றார். ஆண்டுகள் சில அங்கே கழிந்தன. குருவினிடம் ஸ்ரீவித்யை உபதேசம். கங்கைக் கரையில் வடநாட்டு வித்வான்களின் கானம். துருபதத்தின் நிதானமும், ஒரு ஸ்வரத்திலேயே நின்று அதன் ஆழம் காணும் பொறுமையும் அவர் உள்ளத்தில் ஊறின என்பது அவருடைய விளம்பகாலக் கிருதிகளைக் கேட்போர்க்கு இனிது விளங்கும். ஹமீர்கல்யாணி, த்விஜாவந்தி, பிருந்தாவன சாரங்கம் முதலிய இராகங்கள் அவர் கையில் நம் கோயில் மூர்த்திகளுக்கு அணிகலன்களாயின.

பலவகை இசையில் தோய்ந்தவர் பலர் தம் தனித்தன்மையை இழப்பதுண்டு; இரவல் இசையே எஞ்சும். தீக்ஷிதருக்கு அவ்வாறு நேரவில்லை. காரணம் யாது? கேட்டது எதுவாயினும், அதனைத் தம் புகழுக்கெனப் பயன்படுத்தாமல் வழிபாட்டிற்கே உரிமையாக்கினார். திருத்தணிகையில் முருகன் அருளால் வாக்குப் பெற்றது முதல், குருகுஹ முத்திரையோடு தலந்தோறும் சென்று பாடினார். திருவாரூரில் கமலாம்பிகைக்கு நவாவரணக் கிருதிகளைச் சாத்தினார்.

செல்வத்தை அவர் நாடவில்லை. வறுமை இல்லத்தில் குடியிருந்தது. எனினும் கற்க வந்தோர்க்கு வாயில் திறந்தே இருந்தது. தஞ்சைச் சகோதரர்களான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும், சுத்த மத்தளம் தம்பியப்பரும் அவரிடம் பயின்றனர். தம்பியப்பரின் வயிற்று நோய் தீரவே குருபகவான்மீது கிருதி அருளினார் என்றும், நவக்கிரகக் கிருதிகள் அதிலிருந்தே எழுந்தன என்றும் மரபு கூறும்.

1835-ஆம் ஆண்டு, நரக சதுர்த்தசி நாளில், எட்டயபுரத்தில் அந்திமம் நெருங்கிற்று. மதுரை மீனாக்ஷியின்மேல் தாம் இயற்றிய கிருதியைச் சீடர்கள் பாடினர். வாழ்நாளெல்லாம் கேட்ட செவி அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்நாதத்திலேயே அவர் ஒடுங்கினார் என்பர். அவர் சமாதி அவ்வூரிலேயே உள்ளது. தீக்ஷிதர் குடும்பத்து வழித்தோன்றலான சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டு, அவ்வரும்பெருஞ் செல்வம் அழியாது காத்தார்.

கோபுரம் எழுப்புவதும் திருப்பணி. கோயிலில் ஒலிக்கும் நாதத்தை மனம் ஒன்றிக் கேட்பதும் திருப்பணியே. தீக்ஷிதரின் வாழ்வு உணர்த்தும் உண்மை இது. சந்நிதியில் நாகஸ்வரம் முழங்கும்போது ஒரு கணம் பேச்சடங்கி நிற்போர்க்கு, அப்பெரியாருக்குக் கிட்டிய அருளில் ஒரு துளி கிட்டுவதாக.