பிரேசிலைத் தலையில் சுமந்த கார்மென் மிராண்டா

தலையில் பழக்கூடை போன்ற அலங்காரம், கை நிறைய வளையல்கள், தடித்த அடிப்பாகம் கொண்ட காலணிகள். 1940-களின் ஹாலிவுட் ரசிகர்களுக்குப் பிரேசில் என்றாலே நினைவுக்கு வந்த உருவம் கார்மென் மிராண்டாவுடையது.

ஆனால், அவர் பிறந்தது பிரேசிலில் அல்ல. 1909 பிப்ரவரி 9-ஆம் தேதி போர்ச்சுகலில் பிறந்த அவர், ஒரு வயது நிறையும் முன்பே ரியோ டி ஜெனீரோவில் குடியேறினார். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. இளம் வயதில் தொப்பிக் கடையில் பணியாற்றிய கார்மென், அங்கேயே தொப்பி செய்யவும் கற்றார். 1930-இல் வெளியான கார்னிவல் பாடல் ஒன்று அவரை நாடறிந்த பாடகியாக்கியது.

பாஹியா மாநிலத் தெருக்களில் பண்டங்கள் விற்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் உடையை 1939-இல் ஒரு திரைப்படத்துக்காக அணிந்தார். பின்னர் அதுவே அவரது அடையாளமானது. அப்பெண்களுக்குக் கிட்டாத மேடைகள் வெள்ளையினப் பாடகியான அவருக்குக் கிட்டின என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

அதே ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குக்குச் சென்றார். பிரேசில் இசைக்குழுவையும் வற்புறுத்தி உடன் அழைத்துச் சென்றார். சில நிமிடங்களே மேடையில் தோன்றியபோதும் நியூயார்க் அவரைக் கொண்டாடியது.

1940 ஜூலையில் ரியோ திரும்பியபோது, வீதிகளில் மக்கள் திரண்டு வரவேற்றனர். எனினும், உர்கா சூதாட்ட விடுதி அரங்கில் மேட்டுக்குடியினர் நிறைந்த நிகழ்ச்சியில் அவர் ஆங்கிலத்தில் வணக்கம் கூறியதும் அவை உறைந்துபோனது. கைதட்டல் இல்லை. நிகழ்ச்சியைப் பாதியில் முடித்துக்கொண்டார். அமெரிக்கக்காரியாகிவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு, இரு மாதங்களில் அதே அரங்கில் போர்ச்சுகீசியப் பாடலாலேயே பதிலளித்தார். ஆயினும் அமெரிக்கா திரும்பியவர், 14 ஆண்டுகள் பிரேசில் மண்ணை மிதிக்கவில்லை.

1945-இல் அமெரிக்காவிலேயே அதிக ஊதியம் பெற்ற பெண்ணாக விளங்கினார். ஆனால், ஹாலிவுட் அவருக்கு அளித்தவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த, கொச்சை ஆங்கிலம் பேசும் நகைச்சுவை வேடங்களே. இடைவிடாத பணியும் மாத்திரைகளும் உடலைச் சிதைத்தன. 1954 இறுதியில் ஓய்வுக்காகப் பிரேசில் வந்து சில மாதங்கள் தங்கினார்.

1955 ஆகஸ்ட் 4-ஆம் தேதி தொலைக்காட்சிப் படப்பிடிப்பில் ஆடும்போது மூச்சுத் திணறித் தடுமாறினார். எழுந்து ஆடி முடித்தார். மறுநாள் அதிகாலை பெவர்லி ஹில்ஸ் இல்லத்தில் மாரடைப்பால் உயிர் பிரிந்தது. வயது 46. விமானத்தில் ரியோவுக்குக் கொண்டுவரப்பட்ட அவரது உடலுக்குப் பின்னால் லட்சக்கணக்கானோர் நடந்தனர். சாவோ ஜோவோ பட்டிஸ்டா கல்லறைத் தோட்டத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார்.