மழலைக்குள் மறைந்திருந்த ஆற்றல்

பிஞ்சுப் பருவத்திலேயே குழந்தையின் திறமையை அறிந்துவிட வேண்டும் என்ற ஆவல் பெற்றோருக்கு இயல்பானது. கேட்ட பாட்டை உடனே ஒப்பிக்கும் குழந்தை மெச்சப்படுகிறது. வாய் திறவாத குழந்தை கவலைக்குரியதாகிறது. ஆனால் குழந்தையின் உண்மையான ஆற்றல் வெளிப்படும் இடம் வேறு என்பதை உலகுக்கு உணர்த்தியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலியிலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில் அவர் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த காலத்தில், 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்குள்ள மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளைக் கண்டு மனம் நெகிழ்ந்தார். இத்தார், செகன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஆழ்ந்து பயின்று, தொட்டும் கையாண்டும் கற்கத்தக்க கருவிகளை அமைத்து அவர்களுக்குக் கற்பித்தார். அவர்களுள் சிலர் மற்ற மாணவர்களைப் போலவே பொதுத்தேர்வில் தேறினர். எல்லோரும் வியந்தனர். அம்மையாரின் உள்ளத்திலோ வேறொரு வினா எழுந்தது: இவர்களாலேயே இவ்வளவு இயலுமானால், நலமுடன் பிறந்த குழந்தைகளின் ஆற்றலைப் பள்ளிகள் எவ்வளவு அடக்கி வைத்திருக்கின்றன?

அதற்கு விடைகாணும் வாய்ப்பு 1907-இல் கிட்டியது. ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் சுமார் 50 பேருக்காக ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கப்பட்டது. ஒருநாள் அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அவளது ஒருமுகப்பாட்டைச் சோதிக்க விரும்பிய அம்மையார், மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார்; அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ கட்டையை மடியில் வைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின் தானாகவே நிறுத்தினாள். அவள் முகத்தில் சோர்வில்லை, மலர்ச்சியே இருந்தது.

குழந்தையின் மேதைமை அது சொல்லும் விடையில் இல்லை, தானே தேர்ந்த வேலையில் தன்னை மறப்பதில் இருக்கிறது என்று அம்மையார் தெளிந்தார். ஆகவே ஆசிரியரின் முதற்கடமை குறுக்கிடாது கவனிப்பதே என வகுத்தார். உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய நான்கைந்து வயதுக் குழந்தைகள், ஒருநாள் எவரும் ஏவாமலே எழுதத் தொடங்கினர்.

பிறர் குழந்தைகளுக்கு அன்னையாக விளங்கிய அவருக்கு, 1898-இல் பிறந்த தம் மகன் மாரியோவை இளமையில் உடன் வைத்து வளர்க்கும் பேறு வாய்க்கவில்லை. சமூகத்தின் பழிச்சொல்லுக்கு அஞ்ச வேண்டியிருந்த அந்நாளில், மகன் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். பின்னாளில் அவரே அன்னையின் பணிக்குத் துணையானார். 1939-இல் இருவரும் சென்னை அடையாற்றுக்கு வந்தனர். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. அன்னையின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி அவரை விடுவித்தது. 1946 வரை அடையாறு, கொடைக்கானல் முதலிய இடங்களில் தங்கி, இந்திய ஆசிரியர்கள் பலருக்கு அம்மையார் பயிற்சி அளித்தார். 1952 மே 6-ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

குழந்தையைப் பிறரோடு ஒப்பிட்டு எடைபோடுவது எளிது. அது தன்னை மறந்து ஈடுபடும் வேளையில் அருகே மௌனமாக அமர்ந்திருப்பது அரிது. அந்த அரிய தவத்தையே அம்மையார் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் விட்டுச் சென்றுள்ளார்.