ஒரே மகனைத் தர முன்வந்த காயிதே மில்லத்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பெரியநாயக்கன்பாளையத்தின் மேட்டுப்பாளையம் சாலையோரத் தேநீர்க் கடையொன்றில் சற்று நேரம் நின்று பாருங்கள். நாட்டின் எல்லையில் எங்கேனும் துப்பாக்கி முழங்கிவிட்டால் அன்றைய பேச்சு அனைத்தும் போரைப் பற்றியதாகவே இருக்கும். அடிக்க வேண்டும், விடக் கூடாது, ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று கோப்பையைக் கையில் பிடித்தவாறே தீர்ப்பு வழங்குவோர் பலர். 2025 மே மாதத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நான்கு நாள் மோதல் நடந்தபோதும் நாடெங்கும் இத்தகைய பேச்சைக் கேட்டோம். அந்தக் கடையிலிருந்து சில கல் தொலைவில், துடியலூரை அடுத்த கதிர்நாயக்கன்பாளையத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் அங்கே துப்பாக்கி பிடிக்கப் பழகுகிறார்கள். அவர்களுடைய வீடுகளில் போரைப் பற்றிய பேச்சு இவ்வளவு எளிதாக வருமா? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

போர் வேண்டும் என்று சொல்பவன் அந்தப் போருக்குத் தானும் போகத் தயாராக இருக்க வேண்டாமா? தன்னால் போக இயலாதெனில், தன் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பவேனும் மனம் ஒப்ப வேண்டாமா? கேட்பதற்கு எளிய கேள்விதான். விடை சொல்லுவதுதான் கடினம். அந்தக் கடினமான விடையைத் தம் வாழ்வில் சொல்லிக் காட்டிய தமிழர் ஒருவர் உண்டு. அவர்தாம் கண்ணியமிக்க காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர் அன்னார். தந்தையார் மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வியில் தேர்ந்தவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்த அந்தச் சிறுவருக்குத் தாயாரே முதல் ஆசிரியையாக விளங்கினார். திருநெல்வேலியில் கற்று, திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்தார். பட்டம் பெற்றால் அரசாங்க உத்தியோகம் வாசல் தேடி வரும் காலம் அது. அந்த வேளையில்தான், 1920ஆம் ஆண்டில், காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். ஆங்கிலேயர் நடத்தும் கல்வியைத் துறந்து வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தார். அந்த அழைப்பைக் கேட்டுக் கைதட்டியவர்கள் ஏராளம். பட்டத் தேர்வை எழுதாமல் கல்லூரியை விட்டு வெளியே வந்தவர்களோ சிலர். அச்சிலரில் ஒருவர் இஸ்மாயில் சாகிப். ஒரு கொள்கை சரியென்று பட்டால் அதற்குரிய விலையை முதலில் தம் கையிலிருந்து கொடுப்பது அவரது இயல்பு. இந்த இயல்பை நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தவை அனைத்தும் இதன் தொடர்ச்சிதான்.

பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். சமுதாயப் பணியிலும் இறங்கினார். 1946இல் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். நம் பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைக் கட்டி வளர்த்த தி.சு. அவினாசிலிங்கம் அவர்கள் அன்று கல்வி அமைச்சராக எதிர்வரிசையில் வீற்றிருந்தார் என்பது நம் வட்டாரத்து மக்கள் அறிய வேண்டிய செய்தி.

1947இல் நாடு பிரிந்தது. முஸ்லிம் லீகின் தலைவர்களில் பலர் எல்லையைக் கடந்து போய்விட்டனர். இங்கே எஞ்சி நின்ற கோடிக்கணக்கான முஸ்லிம்களின் தலையில் சந்தேகம் என்னும் பாரம் ஏறியது. லீகைக் கலைத்துவிடுவதே நலம் என்று வேண்டியவர்களும் இருந்தனர். அந்த நெருக்கடியான வேளையில், 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை இராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று. அதன் தலைமையை இஸ்மாயில் சாகிப் ஏற்றார். இந்த மண்ணில் பிறந்தோம், இந்த மண்ணிலேயே வாழ்வோம், உரிமையையும் கேட்போம், கடமையையும் செய்வோம் என்பதே அன்னார் சமுதாயத்துக்குக் காட்டிய பாதை.

அதே 1948ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், காஷ்மீரின் ஜங்கர் பகுதியைக் காத்து நின்ற பிரிகேடியர் முகம்மது உஸ்மான் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். பிரிவினையின்போது பாகிஸ்தான் இராணுவத்தில் சேர அவருக்கு அழைப்பு வந்தது. அதை மறுத்து இந்திய இராணுவத்திலேயே நின்றவர் அவர். மகாவீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. முஸ்லிம்களின் விசுவாசம் எங்கே என்று மேடைகளில் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதற்குரிய விடை காஷ்மீர் மலையில் இரத்தத்தால் எழுதப்பட்டது.

இனி 1962ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டுத் தேர்தலில் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார் காயிதே மில்லத். அக்டோபர் 20ஆம் நாள் சீனப் படைகள் இமயத்தின் இரு முனைகளிலும் ஒரே வேளையில் தாக்கின. குளிரைத் தாங்கும் உடையும் போதிய ஆயுதமும் இன்றி நம் வீரர்கள் பனியில் நின்று பொருதினர். 26ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நாடே கொந்தளித்தது. பெண்மணிகள் நகைகளைக் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தனர். திராவிட நாடு கேட்டுவந்த அறிஞர் அண்ணா அவர்களும் நாட்டின் பாதுகாப்பே முதன்மை என்று அறிவித்து அரசுக்குத் துணை நின்றார். காயிதே மில்லத் அவர்களும் தம் கட்சியின் முழு ஆதரவை அரசுக்கு வழங்கினார்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஆதரவு தெரிவித்ததோடு அன்னார் நின்றிருந்தால் குறை சொல்ல எவருமில்லை. அவருக்கு வயது 66. துப்பாக்கி ஏந்தும்படி அவரை யாரும் அழைக்கப்போவதில்லை. நிதி கொடுத்து, தீர்மானம் நிறைவேற்றி, துஆச் செய்துவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் அன்னாரின் மனம் அதில் அமைதி கொள்ளவில்லை. அவருக்கு இருந்தது ஒரே மகன். பாட்டனாரின் பெயரைத் தாங்கிய மியாகான். தம் ஒரே மகனை இராணுவ சேவைக்கு அனுப்பச் சித்தமாயிருப்பதாகப் பிரதமர் நேரு அவர்களுக்குக் கடிதம் எழுதினார் காயிதே மில்லத்.

ஒரு தந்தை தன் வாலிப மகனின் உயிரை முன்வைக்கலாமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மகன் தந்தையின் உடைமை அல்லவே! இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறை எவ்வாறு எடுத்துரைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இறைவனின் கட்டளையைக் கனவில் கண்ட பின்னரும், அந்தத் தந்தை மகனிடம் அதைச் சொல்லி, மகனின் எண்ணம் யாதெனக் கேட்டார்கள். மகனார் இஸ்மாயில் (அலை) அவர்கள் தாமே மனம் ஒப்பி முன்வந்தார்கள். கேளாமல் கொடுக்கும் உரிமை அந்தத் தந்தைக்கும் இருக்கவில்லை.

நம் மார்க்கச் சட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. எல்லார் மீதும் கடமையாகிவிடாத போருக்குச் செல்ல விரும்பும் பிள்ளை, பெற்றோரின் அனுமதியைப் பெற வேண்டும். பெற்றோர் இருவரும் உயிரோடிருக்கப் போருக்கு வந்த ஒருவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் திருப்பியனுப்பி, அவர்களுக்குப் பணிவிடை செய்யச் சொன்னார்கள். பதினான்கு வயதில் உஹதுப் போருக்கு வந்து நின்ற அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களையும் சிறுவரென்று திருப்பியனுப்பினார்கள். ஆகவே காயிதே மில்லத் கொடுக்க முன்வந்தது மகனின் உயிரை அன்று. மகனைப் பிடித்து நிறுத்தும் தந்தையின் பிடியைத்தான் அவர் தளர்த்தினார். போருக்கு ஆதரவாகத் தாம் எழுப்பிய குரலிலிருந்து தம் வீட்டுக்கு மட்டும் விலக்குக் கேட்க அவர் மறுத்துவிட்டார். பெருமைக்குரியது இதுவே.

மேனாட்டிலும் இதற்கொரு கதை உண்டு. பம்பாயில் பிறந்து ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற ரட்யார்ட் கிப்ளிங், முதல் உலகப் போரை முழுமூச்சாக ஆதரித்தவர். அவருடைய மகன் ஜானுக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. இராணுவம் ஏற்க மறுத்தது. தந்தை தம் செல்வாக்கைப் பயன்படுத்தி மகனுக்கு அதிகாரிப் பதவி பெற்றுத் தந்தார். 1915 செப்டம்பரில் பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை மாண்டான். உடல் கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் தேடியலைந்த தந்தை, மகனின் கல்லறை எதுவென்று அறியாமலே கண்மூடினார். தகுதியில்லாத பிள்ளையைத் தள்ளியனுப்புவது வேறு, தடுக்காமல் விலகி நிற்பது வேறு என்பதற்கு இது சான்று. மற்றொன்றும் இதிலிருந்து விளங்கும். மகனைக் கொடுத்ததனால் ஒரு போர் நியாயமாகிவிடுவதில்லை; நியாயத்தைத் தனியே எடைபோட வேண்டும். ஆனால் தன் பிள்ளையையும் தட்டில் வைத்து எடைபோடுகிறவன் கையில் தராசு எளிதில் சாயாது.

சீனப் போர் ஒரு மாதத்தில் நின்றது. நவம்பர் 21ஆம் நாள் சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்தது. மியாகான் களத்துக்குச் செல்ல நேரவில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் ஏறத்தாழ 1,400 இந்திய வீரர்கள் உயிர் துறந்தனர். சுமார் 1,700 பேர் காணாமற்போயினர். ஏறக்குறைய 4,000 பேர் சிறைப்பட்டனர். அந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னே ஒரு வீடு உண்டு. தம் வீட்டையும் அந்த வீடுகளின் வரிசையில் நிறுத்தச் சித்தமாயிருந்தார் காயிதே மில்லத் என்பதே நாம் மறக்கலாகாத செய்தி.

மூன்றாண்டுகளில், 1965இல், பாகிஸ்தானோடு போர் மூண்டது. அப்போதும் அன்னார் இந்திய அரசின் பக்கமே உறுதியாக நின்றார். அந்தப் போரில் செப்டம்பர் 10ஆம் நாள் கேம்கரண் பகுதியில் பகைவரின் டாங்கிகளைத் தகர்த்து உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரமவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவர் உயர்குடிப் பிள்ளை அல்லர். உத்தரப் பிரதேசத்துக் கிராமமொன்றில் தையல் தொழில் செய்த குடும்பத்தில் வந்தவர்.

சகோதரர்களே! நம் நாட்டில் கட்டாய இராணுவ சேவை இல்லை. விரும்பியவர்தாம் சேருகிறார்கள். எனவே போர் வேண்டுமென்று முழங்குவோர் வேறு, போருக்குப் போவோர் வேறு என்றாகிவிடுவது மிக எளிது. முதியவர், நோயாளி, உடல் ஊனமுற்றவர், குடும்பத்துக்கு ஒரே ஆதாரமாக இருப்பவர் ஆகியோர் போருக்குப் போக இயலாதவர்கள். அவர்களுக்கு நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேச உரிமையில்லை என்று சொல்வது அநீதி. தபூக் போர் வேளையில் ஏறிச் செல்ல வாகனமின்றிக் கண்ணீர் வடித்தபடி திரும்பிய ஏழைத் தோழர்களைத் திருமறை குறை கூறவில்லை. வசதியும் வலிமையும் இருந்தும் வீட்டில் இருக்க அனுமதி கேட்டவர்களைத்தான் அது கண்டித்தது. போக முடியாமையும் போக மனமின்மையும் ஒன்றல்ல என்பதை இதனால் அறியலாம்.

அகழ்ப் போரின்போது மதீனாவைக் காக்க அகழி தோண்டப்பட்டது. பசியின் கொடுமையால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு, தோழர்களோடு தாமும் மண் சுமந்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். கட்டளையிட்டுவிட்டு நிழலில் அமர்ந்திருக்கவில்லை. அந்தத் தலைமையின் பாடத்தைக் கற்றவர் காயிதே மில்லத். ஆகையால்தான் மேடையில் முழங்குவதை விட்டுவிட்டு, ஒரு கடிதத்தில் தம் பங்கைத் தெரிவித்தார்.

1967இலும் 1971இலும் அதே மஞ்சேரி மக்கள் அன்னாரைத் தேர்ந்தெடுத்தனர். பகட்டில்லாத எளிய வாழ்க்கை. எதிர்க்கட்சியினரும் மதிக்கும் நாவடக்கம். 1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் இறையடி சேர்ந்தபோது கட்சி, சமய வேறுபாடின்றித் தமிழகமே கலங்கியது. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அன்னார் அடங்கியிருக்கிறார்கள்.

அடுத்த முறை எல்லையில் புகை எழும்போது, தேநீர்க் கடையிலோ வீட்டுத் திண்ணையிலோ உங்கள் நாவில் போர் என்னும் சொல் வருமுன், உள்ளே உறங்கும் உங்கள் மகனின் முகத்தை ஒருமுறை பார்த்து வாருங்கள். அவன் தானாக விரும்பிப் போகிறேன் என்றால் தடுக்காமல் விடுவேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்று உள்ளம் சொன்னால் பேசுங்கள்; அந்தப் பேச்சுக்கு எடை உண்டு. இல்லை என்று சொன்னால், அடுத்த வீட்டுப் பிள்ளையை அனுப்பச் சொல்லும் நாவைச் சற்றே அடக்குங்கள். எல்லையில் நிற்கும் பிள்ளைகளுக்காகவும், போர் மூளாமல் சமாதானம் நிலைக்கவும் கையேந்துங்கள்.

சொல்லுக்கு முன்னே தம் பங்கைச் செலுத்திய அந்தப் பெருமகனின் மண்ணறையை வல்ல இறைவன் ஒளிமயமாக்கியருள்வானாக! நம் நாவுக்கும் செயலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைத்தருள்வானாக! ஆமீன்.