கேட்கப்படாத சாட்சி

நுழையும்முன்

உடல் நோயுற்றவர் தம் வலியைச் சொன்னால் நம்புகிறோம். மனம் நோயுற்றவர் தமக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால், அதையும் நோயின் அறிகுறி என்று ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஒருவர், தம் சொல்லை உலகம் கேட்கும்படி செய்த வரலாறு இது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவன் நகரில் 1876ஆம் ஆண்டு பிறந்தவர் கிளிஃபோர்டு பியர்ஸ். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1897இல் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே ஓர் அச்சம் அவர் நெஞ்சில் குடிபுகுந்துவிட்டது. அண்ணன் ஒருவர் வலிப்பால் வருந்துவதை அருகிருந்து கண்டவர், தமக்கும் அந்நோய் வந்தே தீரும் என்று நம்பினார். அதை எவரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்துப் புழுங்கினார். 1900ஆம் ஆண்டு, தம் 24ஆம் வயதில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார்.

அடுத்த மூன்றாண்டுகள் மூன்று மருத்துவமனைகளில் கழிந்தன. அவற்றுள் ஒன்று வருவாய் நோக்கில் நடத்தப்பட்டது, ஒன்று அறநிறுவனம், மற்றொன்று அரசினுடையது. அக்காலத்தில் அவர் மனம் விந்தையான ஓர் உலகைப் படைத்துக்கொண்டது. தம்மைச் சூழ்ந்திருப்போர் அனைவரும் ஒற்றர்கள். காண வரும் உறவினர்கள் உறவினர் வேடமிட்ட அயலார். இந்த எண்ணத்தால் அவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் வாய் திறவாதிருந்தார்.

அந்த இருளிலும் ஆராயும் அறிவு அவரிடம் அணையாமல் இருந்தது. வருவது மெய்யான அண்ணன்தானா என்று அறிய ஒரு வழி கண்டார். வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் எழுதி, அதனைக் கையில் எடுத்து வருமாறு கேட்டார். 1902 ஆகஸ்டு திங்களின் இறுதியில் வேறோர் அண்ணனான ஜார்ஜ் அக்கடிதத்தோடு வந்து நின்றார். பியர்ஸின் ஐயம் அந்தக் கணமே அகன்றது. மருந்து செய்யாததை ஒரு தாள் செய்துவிட்டது.

ஆனால் துன்பம் அதோடு முடியவில்லை. பேசாதிருந்தவர் இப்போது ஓயாது பேசினார், இரவும் பகலும் எழுதினார், மருத்துவர்களிடம் வாதிட்டார். இத்தகைய பெருங்கிளர்ச்சியும் அந்நோயின் மறுபக்கமே. அதற்குக் கிடைத்த மறுமொழி, கைகளை உடலோடு பிணைத்து இறுக்கும் கட்டுச்சட்டை. தொடர்ந்து 21 இரவுகள் அதற்குள் கிடந்தார். காவலர்களிடம் அடியும் பட்டார். எழுதுகோலும் தாளும் மறுக்கப்பட்டன. அடியைவிட இந்த மறுப்பே கொடியது என்று தோன்றுகிறது; அடிபட்டதைச் சொல்லும் வழியையும் அது அடைத்துவிடுகிறதல்லவா?

அரசு மருத்துவமனையில் இருந்தபோது, கண்காணிப்பை மீறி மாநில ஆளுநருக்கே நீண்டதொரு முறையீட்டை அனுப்பிவைத்தார். ஆளுநர் அதைப் புறந்தள்ளவில்லை. அன்று அவர் மறைவாகச் செய்ய வேண்டியிருந்ததை இன்று நம் நாட்டுச் சட்டம் உரிமையாகவே தருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி வெளியாருடன் தொடர்புகொள்ளவும் குறைபாடுகளை முறையிடவும் வழி செய்கிறது; சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. எனினும், 'பைத்தியம்' என்னும் சொல்லை வகுப்பறையில் கேலியாக வீசும் வழக்கத்தை எந்தச் சட்டமும் இன்னும் மாற்றவில்லை.

1903இல் பியர்ஸ் வீடு திரும்பினார். நடந்ததை மறந்து நல்ல பணியில் அமர்ந்திருக்கலாம்; மறைத்திருந்தால் பழியும் இல்லை. அவரோ தம் பெயரிலேயே அனைத்தையும் எழுதினார். எழுதும் வேகத்தில் மனம் மீண்டும் கிளர்ந்தபோது, 1905இல் தாமாகவே மருத்துவமனைக்குச் சென்று சில காலம் தங்கினார். அவர் கையெழுத்துப்படியைப் படித்துப் போற்றியவர் புகழ்பெற்ற உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ். 1908இல் 'தன்னைக் கண்டடைந்த மனம்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் வெளிவந்தது. அந்நூல் காவலர்களைத் தூற்றுவதோடு நின்றுவிடவில்லை. பயிற்சியில்லாதவரை நோயாளிகளின்மேல் ஏவிவிட்டு, உள்ளே நடப்பதை எவரும் பாராதிருக்கும் முறையையே அது குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது.

அவ்வாண்டே கனெக்டிகட்டில் மனநலச் சங்கம் ஒன்றை நிறுவினார். மறு ஆண்டில் அது நாடு தழுவிய குழுவாக விரிந்தது. 1913இல் நியூ ஹேவனில், நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே வந்து சிகிச்சை பெறும் மனநல நிலையத்தைத் தொடங்கினார். 1930இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டு மனநல மாநாட்டுக்கும் அவர் உழைப்பே அடித்தளம்.

1939இல் நோய் மீண்டும் வந்தது. பிராவிடன்ஸ் நகர மருத்துவமனையில் நோயாளியாகவே வாழ்ந்து, 1943இல் அங்கேயே மறைந்தார். பத்தாண்டுகளுக்குப் பின்னர், அவர் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்த அமைப்பினர், மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பூட்டி வைத்திருந்த சங்கிலிகளையும் விலங்குகளையும் சேகரித்தனர். பால்டிமோர் நகரின் வார்ப்படச் சாலையில் அவை உருக்கப்பட்டன. அந்த இரும்பிலிருந்து 300 பவுண்டு எடையுள்ள ஒரு மணி வார்க்கப்பட்டது.