பெர்த்தா பென்ஸ் அம்மையார்

இந்நாளில் நம் தெருக்களில் விரைந்தோடும் மோட்டார் வண்டியைக் கண்டு வியப்பார் ஒருவருமிலர். குதிரை பூட்டாத வண்டி தானே ஓடிவரக் கண்டு மக்கள் மருண்டு நின்ற காலமும் ஒன்றிருந்தது. அவ்வண்டி நெடுவழிக்கும் உதவும் என்பதை அக்காலத்தில் மெய்ப்பித்துக் காட்டியவர் ஒரு பெண்மணியே ஆவார். அவர்தாம் பெர்த்தா பென்ஸ் அம்மையார்.

அம்மையார் ஜெர்மனி நாட்டுப் போர்ட்ஸ்ஹைம் நகரில் 1849ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் பிறந்தார். 1872இல் காரல் பென்ஸ் என்னும் பொறியியல் அறிஞரை மணந்தார். மணத்திற்கு முன்னரே தமக்குரிய சீர்ப்பொருளைப் பெற்றளித்து, அவருடைய தொழிற்சாலை நிலைகுலையாமல் காத்தார். பல்லாண்டு உழைப்பின் பயனாகக் காரல் மூன்று சக்கர மோட்டார் வண்டியை அமைத்து, 1886இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆயினும், அதனை நம்பி வாங்குவார் அரியராயினர். கணவரின் உழைப்பும் தம் செல்வமும் வீணாகுமோ என்னும் நிலை எய்தியது.

அம்மையார் சோர்ந்திருந்தாரல்லர். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒருநாள் வைகறையில், கணவர் அறியாவண்ணம், தம் மைந்தர் இருவருடன் அவ்வண்டியில் ஏறினார். மூத்தவனுக்கு வயது 15, இளையவனுக்கு 13. மான்ஹைம் நகரினின்று தம் பிறந்த ஊருக்குச் செல்வதே அவர் கருத்து. வழியின் நீளம் ஏறத்தாழ 106 கிலோமீட்டர்.

எண்ணெயின் ஆவியும் காற்றும் கலந்து எந்திரத்தினுள் புக, மின்சாரத் தீப்பொறி அதனைக் கொளுத்துகின்றது. அவ்வெடிப்பின் விசையே வண்டியை உந்துவது. ஆதலின், எந்திரம் தடுமாறுமாயின், எண்ணெய் வரும் வழியையும் தீப்பொறி எழும் வழியையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும். அம்மையார்க்கு இவ்விரு வழியிலும் இடையூறு நேர்ந்தது. எண்ணெய் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. தம் தொப்பியிற் செருகியிருந்த நீண்ட ஊசியால் அவ்வடைப்பை நீக்கினார். பின்னர், தீப்பொறிக்கு மின்சாரம் செல்லும் கம்பியின் உறை தேய்ந்துபோயிற்று. உறையற்ற கம்பி இரும்பைத் தொடும்போது மின்சாரம் வழிமாறித் தீப்பொறி தவறும். விலகும்போது மீண்டும் எழும். வண்டி குலுங்குந்தோறும் இக்குறை தோன்றியும் மறைந்தும் மயக்குதலின், இதனைக் கண்டறிதல் எளிதன்று. அம்மையார் தம் காலுறையைக் கட்டும் பட்டையைக் கழற்றி, அக்கம்பிக்குக் காப்பாக அமைத்தார். எந்திரம் மீண்டும் ஓடலாயிற்று.

எண்ணெய் குறைந்தபோது, வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், கறை போக்க விற்கும் லிக்ராயின் என்னும் நீர்மத்தை வாங்கி நிரப்பினார். தளர்ந்த சங்கிலியைக் கொல்லர் ஒருவர் செப்பஞ்செய்தார். தேய்ந்த தடைக்கட்டைக்குச் செருப்புத் தைப்பவர் தோல் வைத்துத் தைத்தார். மேட்டு நிலங்களில் மைந்தர் வண்டியைத் தள்ளினர். பொழுது சாய்ந்தபின் மூவரும் போர்ட்ஸ்ஹைம் அடைந்தனர். அம்மையார் உடனே கணவர்க்குத் தந்தி வாயிலாகச் செய்தி அறிவித்தார். சில நாட்களில் அதே வண்டியில் மான்ஹைமுக்கு மீண்டார்.

வழியிற் கண்ட குறைகளை அவர் மறைக்கவில்லை. மேடேற உதவும் பற்சக்கர அமைப்பு ஒன்று வேண்டும் என்று கணவர்க்கு எடுத்துரைத்தார். காரலும் அதனைச் சேர்த்து வண்டியைத் திருத்தினார். வண்டியின் ஆற்றலைப் பலரும் அறிந்தனர்.

அம்மையார் 1944ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், தம் 95ஆம் வயதில், லாடன்பர்க் நகரில் மறைந்தார். அவர் சென்ற வழி, 2008இல் அவர் பெயரால் நினைவு வழியாக ஏற்கப்பட்டது.

மாணவர்களே! கருவி பழுதுறும்போது அதனை வெறுத்து ஒதுக்குதல் எளிது. பழுதின் காரணத்தை அமைதியாக ஆராய்ந்து, கைக்கு எட்டிய பொருளால் அதனைத் தீர்த்தலே அறிவுடைமை. அவ்வறிவுடைமையே ஒரு குடும்பத்தின் உழைப்பை வீணாகாமல் காத்தது. உலகிற்கும் ஒரு புதிய வழியைத் திறந்தது.