ரிக்கிடோசான்

ரிக்கிடோசான் (நவம்பர் 14, 1924 - டிசம்பர் 15, 1963) ஜப்பானில் தொழில்முறை மற்போரை நிலைநிறுத்திய மற்போர் வீரர் ஆவார். இவரது இயற்பெயர் கிம் சின்-ராக். கொரியாவில் பிறந்து, சூமோ வீரராக ஜப்பானுக்கு வந்த இவர், 1954 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஷார்ப் சகோதரர்களை எதிர்த்து ஆடிய இரட்டையர் போட்டிகளின் மூலம் நாடு முழுவதும் புகழ் பெற்றார். ஜப்பானியத் தொழில்முறை மற்போரின் தந்தை என இவர் அழைக்கப்படுகிறார். போரில் தோற்ற ஜப்பானியருக்குத் தன்மதிப்பை மீட்டுத் தந்தவராகப் போற்றப்பட்ட இவர், தாம் ஒரு கொரியர் என்பதைப் பொதுமக்களிடம் மறைத்தே வாழ்ந்தார்.

இளமையும் சூமோவும்

ரிக்கிடோசான் இன்றைய வட கொரியாவிலுள்ள தெற்கு ஹம்கியோங் மாகாணத்தில் பிறந்தார். அக்காலத்தில் கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சூமோ வீரர்களைத் தேடி வந்த ஜப்பானியரின் பார்வையில் பட்ட இவர், டோக்கியோவிலுள்ள நிஷோனோசெக்கி பயிற்சிக் கூடத்தில் சேர்க்கப்பட்டார். 1940 ஆம் ஆண்டு மே மாதத்தில் ரிக்கிடோசான் என்னும் பெயருடன் களமிறங்கினார். சூமோ வீரர்களுக்குக் களப்பெயர் சூட்டுவது மரபாகும்.

1946 ஆம் ஆண்டில் சூமோவின் உயர் பிரிவை எட்டினார். 1949 ஆம் ஆண்டில் அதன் மூன்றாவது உயர்ந்த நிலையான செகிவாக்கே தகுதியைப் பெற்றார். எனினும் 1950 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தம் குடுமியைத் தாமே அறுத்துக்கொண்டு சூமோவிலிருந்து விலகினார். உடல்நலக் குறைவு, பயிற்சிக்கூடத் தலைவருடன் ஏற்பட்ட பணப் பூசல், கொரியர் என்பதால் காட்டப்பட்ட வேற்றுமை ஆகியவை இதற்கான காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இக்காலத்தில் நாகசாகி மாவட்டத்தின் ஓமுரா நகரைச் சேர்ந்த மொமோட்டா குடும்பத்தின் மகனாக இவர் பதிவு செய்யப்பட்டார். அதன்பின் மொமோட்டா மிட்சுஹிரோ என்பதே இவரது சட்டப்படியான பெயர் ஆயிற்று. இவர் ஓமுராவில் பிறந்த ஜப்பானியர் என்றே ரசிகர்கள் நம்பினர்.

தொழில்முறை மற்போர்

சூமோவை விட்ட பின்னர் கட்டுமானத் தொழிலதிபர் ஒருவரிடம் வேலை பார்த்தார். 1951 ஆம் ஆண்டில் அமெரிக்க மற்போர் வீரர்கள் குழுவொன்று ஜப்பானுக்கு வந்தது. அக்குழுவினரிடம் பயின்ற இவர், அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று பாபி பிரன்ஸ் என்பவரை எதிர்த்துத் தம் முதல் போட்டியில் ஆடினார். அது வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1952 ஆம் ஆண்டில் ஹவாய் சென்று பயிற்சி பெற்றார். பின்னர் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஆடினார். 1953 ஆம் ஆண்டில் நாடு திரும்பி, ஜப்பான் தொழில்முறை மற்போர்ச் சங்கத்தை நிறுவினார்.

தொழில்முறை மற்போரில் வெற்றி தோல்விகள் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்யப்படுகின்றன. அடியும் வீழ்ச்சியும் மெய்யானவையே ஆயினும், யார் வெல்வது, எப்போது வெல்வது என்பவை போட்டியை நடத்துவோரின் முடிவுகளாகும். ஜப்பானில் அம்முடிவுகளை எடுக்கும் நிலையில் ரிக்கிடோசானே இருந்தார்.

ஷார்ப் சகோதரர்களுடனான போட்டி

1954 ஆம் ஆண்டு பிப்ரவரி 19, 20, 21 ஆகிய நாட்களில் டோக்கியோவின் குராமாயே கொகுகிக்கான் அரங்கில் போட்டிகள் நடைபெற்றன. இவற்றுக்காகப் பென் ஷார்ப், மைக் ஷார்ப் என்னும் உடன்பிறப்புகள் வரவழைக்கப்பட்டனர். சான் பிரான்சிஸ்கோவில் உலக இரட்டையர் வாகையராக விளங்கிய இவர்கள் உயரத்திலும் எடையிலும் ஜப்பானியரை விட மிகப் பெரியவர்கள். ரிக்கிடோசானின் இணையாகக் கிமுரா மசாஹிக்கோ ஆடினார். கிமுரா, போருக்கு முந்தைய ஜப்பானின் தலைசிறந்த ஜூடோ வீரர். 1951 ஆம் ஆண்டில் பிரேசிலின் எலியோ கிரேசியை வென்றவர்.

இரட்டையர் போட்டியில் ஒவ்வொரு தரப்பிலும் ஒருவர் மட்டுமே களத்தினுள் ஆடலாம். மற்றவர் கயிற்றுக்கு வெளியே காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் தம் இணையின் கையைத் தொட்டால் மட்டுமே இடம் மாறலாம். இவ்விதியே போட்டியின் சுவைக்கு அடிப்படையாகும். ஒருவர் அடிபட்டுத் தவிக்கையில், அவரது கை இணையின் கையை எட்டுமா என்னும் எதிர்பார்ப்பு கூட்டத்தினரிடம் வளர்கிறது.

பிப்ரவரி 19 ஆம் நாள் போட்டியில் இவ்வமைப்பு திறம்படப் பயன்படுத்தப்பட்டது. கிமுரா நெடுநேரம் தாக்குதலுக்கு உள்ளானார். அவர் கையைத் தொட்டதும் ரிக்கிடோசான் களத்தினுள் பாய்ந்து, கராத்தே வெட்டு எனப்பட்ட தம் கை விளிம்பு அடியால் எதிராளிகளைப் பின்வாங்கச் செய்தார். 61 நிமிடப் போட்டியில் இரு தரப்பும் ஒவ்வொரு சுற்றை வென்றதால் முடிவு சமநிலை ஆயிற்று. வெற்றி கிட்டாதபோதும், வெளிநாட்டினர் இருவர் ஜப்பானியர் ஒருவரின் அடிக்குத் தடுமாறியதே பார்த்தோரின் மனத்தில் நின்றது.

அமெரிக்கப் படைகளின் ஆட்சி ஜப்பானில் முடிந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. தொலைக்காட்சி ஒளிபரப்பு முந்தைய ஆண்டில்தான் தொடங்கியிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியை விலை கொடுத்து வாங்கப் பெரும்பாலோரால் இயலவில்லை. ஆகையால் நிப்பான் தொலைக்காட்சி நிறுவனம் பொது இடங்களில் பெட்டிகளை அமைத்திருந்தது. டோக்கியோவின் ஷிம்பாஷி தொடருந்து நிலையத்தின் முன் மட்டும் சுமார் 20,000 பேர் கூடியதாகக் கூறப்படுகிறது. என்.எச்.கே. நிறுவனமும் போட்டியை ஒளிபரப்பியது.

ஷார்ப் சகோதரர்களை அமெரிக்கர்கள் என்றே பலரும் கருதினர். உண்மையில் அவர்கள் கனடா நாட்டினர். அவர்களை வீழ்த்திய ஜப்பானிய வீரரோ கொரியாவில் பிறந்தவர்.

கிமுராவுடனான மோதல்

ஷார்ப் சகோதரர்களுடனான தொடரில் அடிவாங்குபவராகவும் சுற்றுகளை இழப்பவராகவும் கிமுராவே அமைந்தார். ரிக்கிடோசான் மீட்பராகத் தோன்ற இணையின் வீழ்ச்சி தேவைப்பட்டது. சூமோவில் உச்சத்தை எட்டாத ஒருவருக்காக ஜூடோவின் முதன்மை வீரர் தோற்றுக் காட்டியது கிமுராவுக்கு மனக்கசப்பைத் தந்தது. அவ்வாண்டு நவம்பரில், மெய்யான போட்டியில் தாம் தோற்கமாட்டார் என நாளிதழ் வழியாக அறைகூவல் விடுத்தார்.

டிசம்பர் 22 அன்று குராமாயே அரங்கில் இருவரும் ஜப்பானிய வாகையர் பட்டத்துக்காக மோதினர். போட்டியின் நடுவே ரிக்கிடோசான் திடீரெனக் கடுமையாகத் தாக்கத் தொடங்கினார். கிமுரா இரத்தம் வழிய வீழ்ந்தார். போட்டியைச் சமநிலையில் முடிக்க உடன்பாடு இருந்ததென்றும் ரிக்கிடோசான் அதை மீறினார் என்றும் கிமுரா பின்னாளில் எழுதினார். கிமுராவே விதிமீறி அடித்ததால் சினமுற்றதாக ரிக்கிடோசான் தரப்பு கூறியது. இவ்வெற்றியினால் ரிக்கிடோசானுக்கு ஜப்பானில் நிகரான போட்டியாளர் எவரும் இல்லாமற் போயினர்.

புகழின் உச்சம்

1957 ஆம் ஆண்டு அக்டோபரில் உலக வாகையர் லூ தெசுடன் டோக்கியோவில் ஆடிய 60 நிமிடப் போட்டி சமநிலையில் முடிந்தது. 1958 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலசில் தெசை வென்று பன்னாட்டு வாகையர் பட்டத்தைப் பெற்றார். 1962 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரெடி பிளாசியையும் அங்கேயே வென்றார். அதே ஆண்டு ஏப்ரலில் ஒளிபரப்பான மற்போரில் இரத்தம் வழிவதைக் கண்ட முதியோர் சிலர் அதிர்ச்சியில் இறந்ததாக நாளிதழ்கள் எழுதின. 1963 ஆம் ஆண்டு மே 24 அன்று டெஸ்ட்ராயர் என்னும் முகமூடி வீரருடன் ஆடிய போட்டியை 64 விழுக்காட்டுத் தொலைக்காட்சி இல்லங்கள் பார்த்தன. இது ஜப்பானியத் தொலைக்காட்சி வரலாற்றின் மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்றாகும்.

பயிற்றுநர் என்ற நிலையில் இவர் மிகக் கடுமையானவர். ஜயன்ட் பாபா, அன்டோனியோ இனோக்கி, கொரியரான கிம் இல் ஆகியோர் இவரது மாணவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். பாபாவும் இனோக்கியும் 1960 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று ஒரே நாளில் அறிமுகமாயினர்.

1963 ஆம் ஆண்டு சனவரியில் ரிக்கிடோசான் தென் கொரியாவுக்குச் சென்றார். பிறந்த ஊர் நாட்டுப் பிரிவினையின் மறுபக்கத்தில் இருந்தது. இவரது பிறப்பு பற்றிய உண்மையை ஜப்பானியப் பொதுமக்கள் பரவலாக அறிந்தது இவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே ஆகும்.

இறப்பு

1963 ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று இரவு, டோக்கியோவின் அகாசாக்கா பகுதியிலுள்ள நியூ லத்தீன் குவார்ட்டர் என்னும் கேளிக்கை விடுதியில் குற்றக் கும்பலைச் சேர்ந்த ஒருவருடன் வாய்த்தகராறு ஏற்பட்டது. அதில் ரிக்கிடோசான் வயிற்றில் கத்தியால் குத்தப்பட்டார். அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டும் நிலைமை மோசமடைந்து, டிசம்பர் 15 அன்று தமது 39 ஆம் அகவையில் காலமானார். இவரது உடல் டோக்கியோவின் இக்கெகாமி ஹொன்மொன்ஜி கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

தாக்கம்

1972 ஆம் ஆண்டில் இனோக்கி புதிய ஜப்பான் மற்போர் நிறுவனத்தையும், பாபா அனைத்து ஜப்பான் மற்போர் நிறுவனத்தையும் தொடங்கினர். ரிக்கிடோசான் நிறுவிய சங்கம் 1973 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. 1995 ஆம் ஆண்டு ஏப்ரலில் இனோக்கி, தம் ஆசானின் தாயகமான வட கொரியாவின் பியொங்யாங் நகரில் மாபெரும் மற்போர் விழாவில் ஆடினார். 2004 ஆம் ஆண்டில் இவரது வாழ்க்கை தென் கொரியத் திரைப்படமாக வெளிவந்தது. ஜப்பான் தன் வீரராகக் கொண்டாடிய இவரை, இன்று இரு கொரிய நாடுகளும் தம்மவர் என உரிமை பாராட்டுகின்றன.